கட்டுபடி ஆகுமாங்ணா?

சரவணம்பட்டி பக்கம் பைக்ல போறப்போ கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க. ராட்சச ஹோர்டிங். அதில் பளபளன்னு ஒரு அபார்ட்மென்ட். மேலே பிசிறில்லாத நீல வானம், கீழே புல்வெளியில் ஓடுற ஒரு வெள்ளைக்கார அம்மணி, போர்டிகோவில் ஜெர்மன் கார், பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை. (மலை நிஜம். அந்த ஆங்கிள்ல தெரியுமாங்கறதுதான் டவுட்!)

அந்தக் கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டியிருக்க மாட்டாங்க. ஆனா படத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்க ஆள் வந்தாச்சு. அந்தப் படத்தை வரைஞ்சது யாரு? பெரும்பாலும் உங்களை மாதிரி ஒருத்தர்தான். ஆர்க்கிடெக்சரோ, இன்டீரியரோ, சிவில் டிப்ளமோவோ படிச்சுட்டு, பீளமேட்டில் ரூம் எடுத்து, ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ரெண்டரில் போட்டுட்டு அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குற ஜீவன். ஊரில் இவங்களுக்குப் பேரு '3டி போடறவங்க'.

ஸ்கெட்ச்அப், த்ரீடிஎஸ் மேக்ஸ், வி-ரே, லூமியான்... எதுவா இருந்தாலும் கத்துக்க யூடியூப் இருக்கு. காசு இல்லாதவங்களுக்குச் சும்மாவே கிடைக்கிற பிளெண்டரும் இருக்கு. ரேட் பேசக் கத்துக்கத்தான் வகுப்பு இல்லை. முதல் போன் கால் பொதுவா இப்படித்தான் போகும்:

"தம்பி, வீட்டுக்கு ஒரு எலிவேஷன் வியூ போடணும். எவ்வளவுங்க ஆகும்?"

"அட, நீங்களே பார்த்துக் குடுங்ணா..."

முடிஞ்சுது ஜோலி! கொங்கு நாட்டிலேயே ரொம்பக் காஸ்ட்லியான வாக்கியம் இந்த 'பார்த்துக் குடுங்க'தான். மரியாதைன்னு நினைச்சு நீங்க சொல்றீங்க. இவனுக்கு ரேட்டே இல்லைன்னு அவர் காதில் விழுது.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடிச்சே விலை பேசுவாங்க. பக்கத்தில் நிக்கிறவருக்குக்கூடத் தெரியாது. ஆனா அங்கேயும் 'நீங்களே பார்த்துக் குடுங்க'ன்னு ஒரு மாட்டுக்காரரும் கையை நீட்ட மாட்டார். இதுக்குக் கீழே இறங்க முடியாதுங்கற எண் ஒண்ணு அவர் மனசில் இருக்கும். அந்த எண்ணை வெச்சுக்கிட்டுத்தான் மத்த ஆட்டமெல்லாம்.

கட்டடத்தைப் படமா வரையறது நம்ம சீமைக்குப் புதுசு இல்லை. ஓவியர் சில்பி நாமக்கல்காரர்தான். நிஜப் பேரு சீனிவாசன். நாமக்கல் கவிஞர் வழிகாட்டி, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போனவர். 'சில்பி'ங்கற பேரை வெச்சது ஓவியர் மாலி. 1940களின் கடைசியில் ஆனந்த விகடனில் தொடங்கின 'தென்னாட்டுச் செல்வங்க'ளுக்காகக் கோயில் கோயிலாப் போய் உட்கார்ந்து வரைஞ்சார். தூணையும் கோபுரத்தையும் அவர் கோட்டில் பார்த்துட்டு நேரில் போனா, நேரில் பார்க்கிறதுதான் நகல் மாதிரி இருக்கும். அவர் பல வருஷம் பத்திரிகை ஊழியர். மாசம் பிறந்தா சம்பளம். 'ஒரு கோபுரத்துக்கு எவ்வளவு?'ன்னு பேசி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்கு இருக்கு.

மாசச் சம்பளம் இல்லாம இந்த வேலையைச் செஞ்ச ஒரு மகா கலைஞனோட கதை லண்டனில் இருக்கு. ஜோசப் காண்டி. சர் ஜான் சோன்ங்கற பெரிய ஆர்க்கிடெக்ட்டோட டிசைன்களைப் படமாக்கினவர். சோன் கட்டின பேங்க் ஆஃப் இங்கிலாந்தைக் கூரையெல்லாம் பிஞ்சு கிடக்கிற பழங்கால இடிபாடு மாதிரி, வானத்திலிருந்து பார்க்கிற கோணத்தில் 1830ல் வரைஞ்சார். இன்னிக்கும் அந்தப் படம் இல்லாம இந்தக் கலையைப் பத்திப் பேச முடியாது. வரைஞ்சவர் கடனில் மூழ்கி, ஜெயிலுக்கும் போய், 1843ல் ஒரு மனநலக் காப்பகத்தில் செத்துப் போனார். காரணம் பல இருக்கலாம். ஆனா 'வேலை சூப்பரா இருந்தா காசு தானா வரும்'னு உங்களுக்கு யாராச்சும் அட்வைஸ் பண்ணினா, அவருக்குக் காண்டியை அறிமுகப்படுத்தி வைங்க.

உங்க அடிமட்ட எண் என்ன?

பேப்பரும் பேனாவும் எடுங்க. இது ஒரு கணக்குக்குத்தான். எண்களை உங்க நிலைமைக்கு மாத்திக்குங்க. ரூம், சாப்பாடு, பெட்ரோல் 18,000. நெட், கரன்ட், சாஃப்ட்வேர் 5,000. ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவா, 1,20,000க்கு வாங்கின கம்ப்யூட்டர் நாலு வருஷம் ஓடும்னா மாசத்துக்கு 2,500. காய்ச்சல், கல்யாணம், சேமிப்புன்னு 4,500. மொத்தம் 30,000.

இப்ப நாள் கணக்கு. மாசத்தில் 25 நாள் வேலைன்னு வெச்சாலும், கிளையன்ட்டைப் பார்க்கப் போறது, போன் பேசறது, கொட்டேஷன் அனுப்பறது, பணத்துக்கு அலையறது, சும்மா உட்கார்ந்திருக்கிறது எல்லாம் போக, காசு வர்ற வேலை நடக்கிறது 15 நாள் இருந்தா அதிகம். 30,000த்தை 15ஆல் வகுங்க. ஒரு நாளைக்கு 2,000. ஒரு வெளிப்புற வியூ முடிக்க மூணு நாள் ஆகும்னா 6,000. லாபம் இல்லாத, வெறும் கட்டுபடி விலை இது. அதை 2,500க்கு ஒத்துக்கிட்டீங்கன்னா, மிச்சம் 3,500 ரூபாயை அந்த பில்டருக்கு நீங்க மொய் எழுதறீங்க.

"நான் வீட்டுல இருக்கேன், சாப்பாடு அம்மா போடறாங்க, எனக்கு 2,500ஏ லாபம்தான்"னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். அப்படின்னா மொய் எழுதறது உங்க அம்மா!

ஆனா 'ஒரு வியூ எவ்வளவு?'ங்கற கேள்வியே தப்பான கேள்வி. இதைப் புரிய வைக்க கோயம்புத்தூரை விட்டா வேற ஊர் இல்லை. கணபதி, சிட்கோ பக்கம் எந்த ஃபவுண்டரியிலாவது போய்க் கேளுங்க. பம்ப்செட் பாடி வார்க்கணும்னா முதல்ல பேட்டர்ன் செய்யணும். பேட்டர்னுக்குத் தனி ரேட். அதை வெச்சு வார்க்கிற காஸ்டிங்குக்குக் கிலோ கணக்கில் தனி ரேட். டிராயிங்கை மாத்தினா பேட்டர்னையும் மாத்தணும், அதுக்கும் சார்ஜ். கொடுக்கிறவரும் வாங்கறவரும் இதில் முகம் சுளிக்கிறதே இல்லை.

உங்க 3டி மாடல்தான் பேட்டர்ன். ஒவ்வொரு வியூவும் ஒரு காஸ்டிங். மூணு நாளில் ரெண்டு நாள் மாடலுக்கே போயிடும். அதுக்கப்புறம் ரெண்டாவது கேமரா வெச்சு இன்னொரு வியூ எடுக்க ஒரு நாள் போதும். அதனால 'மாடலுக்கு இவ்வளவுங்க, ஒவ்வொரு வியூவுக்கும் இவ்வளவுங்க'ன்னு பிரிச்சுச் சொல்லுங்க. நாலு வியூ வேணும்ங்கறவருக்கு நாலு மடங்கு ஆகாது, அவருக்குச் சந்தோஷம். ஒரே வியூ கேட்கிறவர் அதுக்கு மேல குறைக்கச் சொல்ல முடியாது, உங்களுக்குச் சந்தோஷம். எல்லாத்தையும் விட முக்கியம், எலிவேஷனையே மாத்திட்டு வந்து 'சின்ன சேஞ்ச்தான் தம்பி'ங்கறப்போ, "பேட்டர்ன் மாறுதுங்ணா"ன்னு ஒத்தை வரியில் சொல்லலாம். இந்த ஊர்ல அது புரியாத தொழிலதிபர் கிடையாது.

பேட்டர்ன் யாருக்குச் சொந்தம்னும் ஃபவுண்டரியில் முன்னாடியே பேசிக்குவாங்க. நீங்களும் பேசுங்க. இமேஜ் கொடுக்கிறது வேற, மாடல் ஃபைலைக் கொடுக்கிறது வேற. ஃபைல் வேணும்னா அதுக்கு ஒரு விலை. இதில் சட்டமும் கொஞ்சம் இருக்கு. 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருத்தரை ஓவியம் வரையச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே. கம்ப்யூட்டர் ரெண்டரை ஓவியம்னு சொல்றதா கூடாதான்னு வக்கீல்கள் வாதாடட்டும். நமக்கெதுக்கு வம்பு? 'வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்'ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்குங்க. ரெண்டு வரி எழுதி, அதுக்கு அவர்கிட்ட 'ஓகே' வாங்கிட்டா அதுதான் ஒப்பந்தம்.

எதுக்குங்ணா இந்தப் படம்?

ரேட் சொல்றதுக்கு முன்னாடி நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வீட்டுக்காரம்மாவும் மாமியாரும் பெயின்ட் கலரில் ஒத்துப் போகறதுக்கு ஒரு வியூ. அது ஒரு வேலை. 60 ஃபிளாட் விக்கிறதுக்கு ஹோர்டிங், பிரோஷர், பேப்பர் விளம்பரம்னு எல்லாத்திலும் போடற வியூ. அது வேற வேலை. மாடலிங் நேரம் ஒண்ணாவே இருந்தாலும் ரேட் ஒண்ணா இருக்கக் கூடாது. இங்கேதான் நம்மாளுங்க பலபேர் நாள் கணக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டுக் கோட்டை விடறாங்க. ரெண்டாவது படம் வியாபாரம் பண்ணுது, பொறுப்பையும் தலையில் ஏத்திக்குது.

பொறுப்புன்னா? 2016ல் வந்த ரெரா சட்டம் இருக்கில்லையா, அதன் 12வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, விளம்பரத்திலோ பிரோஷரிலோ இருக்கிற தப்பான தகவலை நம்பி ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்து நஷ்டப்பட்டா, பில்டர் ஈடு கட்டணும். இல்லாத நீச்சல் குளத்தைப் படத்தில் போட்டா அது வெறும் அழகு இல்லை, வாக்குறுதி. அதனாலதான் பல விளம்பரங்களின் மூலையில் எறும்பு சைஸில் 'ஓவியரின் கற்பனை'ன்னு போட்டிருக்கும். பில்டர் கொடுத்த டிராயிங்படி, அளவு தப்பாம, ரோடு அகலம் முதற்கொண்டு சரியா ஒரு படம் வேணும்னா, அந்தக் கவனத்துக்கும் விலை உண்டு.

'ஏ.ஐ.ல போட்டா ரெண்டு நிமிஷத்தில் சும்மாவே வருதேப்பா'ங்கறவருக்குப் பதிலும் இதிலேயே இருக்கு. வரும், ரொம்ப அழகாவும் வரும். கூடவே டிராயிங்கில் இல்லாத ஒரு பால்கனியும் வரும், ஒரு மாடியும் வரும். வீட்டுக் கலர் பார்க்க அது போதும்னா தாராளமா போகட்டும், அந்த வேலைக்காகச் சண்டை போடாதீங்க. நீங்களும் வானம், மரத்துக்கெல்லாம் அதைப் பயன்படுத்துங்க. டிராயிங்கோட ஒத்துப்போற படம் வேணும்ங்கறவர்தான் உங்க கிளையன்ட்.

சில சமயம் வேலை பில்டர்கிட்ட இருந்து வராது, ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருந்து வரும். "எனக்கே ஃபீஸ் கம்மி, இதில் உனக்கு எங்கிருந்து தர்றது?"ன்னு ஆரம்பிப்பாங்க. பாவம், அது பல நேரம் உண்மைதான். ஆனா அவங்களோட கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வெளியிட்டிருக்கிற நிபந்தனைகளைப் படிங்க. ஆர்க்கிடெக்ட்டோட சொந்த டிசைன் தேவைக்கு இல்லாம, ஓனர் கேட்டுச் செய்யற மாடல், கம்ப்யூட்டர் காட்சி இதுக்கெல்லாம் ஆகிற செலவை ஓனர் தனியா தரணும்னு அதிலேயே இருக்கு. வேலையை ஒத்துக்கிட்டதுமே முன்பணம், அப்புறம் கட்டம் கட்டமா ஃபீஸ்ங்கறதும் அதிலேயே இருக்கு. அவங்க வாங்கற மாதிரியே நீங்களும் கேளுங்க, அவ்வளவுதான். (அப்படியே ஒரு குறிப்பு. கவுன்சிலில் பதிவு பண்ணாத வரைக்கும் விசிட்டிங் கார்டில் 'ஆர்க்கிடெக்ட்'னு போட்டுக்காதீங்க. 1972 சட்டப்படி தப்பு.)

'ங்க' போட்டே மறுக்கலாம்

நம்ம பேச்சில் இருக்கிற 'ங்க'வால மறுத்துப் பேசவே கூச்சமா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கென்னவோ தலைகீழாத்தான் தோணுது. 'முடியாதுங்க'ன்னு மறுப்பைக்கூட மரியாதையில் சுத்திக் கொடுக்கிற வசதி எத்தனை ஊருக்கு இருக்கு? "கட்டுபடி ஆகாதுங்ணா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. மளிகைக் கடை முதலாளியில் இருந்து மில் முதலாளி வரைக்கும் தினமும் சொல்ற வார்த்தை. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ரேட்டைச் சொன்னதும் ஒரு அமைதி வரும் பாருங்க... அந்த மூணு செகண்டில்தான் பலபேர் தோத்துப் போறாங்க. எதிராளி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "இல்லீங்ணா, உங்களுக்குன்னா குறைச்சுக்கலாங்க..." ஏன் பாஸ்? அவர் இன்னும் எதுவுமே கேட்கலை! ரேட்டைச் சொல்லிட்டு வாயை மூடிக்குங்க. டீ வந்தா குடிங்க.

அவர் குறைக்கச் சொல்வார். சொல்லாம இருந்தா அவர் நம்ம ஊரே இல்லை. அப்பவும் ரேட்டைக் குறைக்காதீங்க, வேலையைக் குறைங்க. "6,000க்கு ரெண்டு திருத்தம், தோட்டம், சுத்துப்புறம் எல்லாம் உண்டுங்க. 4,000தான் பட்ஜெட்னா தோட்டம் இல்லாம, ரோட்டுப் பக்கம் மட்டும், ஒரே ஒரு திருத்தத்தோட ரெண்டு நாள்ல தர்றேங்க." நாள் கணக்குப்படி உங்களுக்கும் நஷ்டம் இல்லை. சும்மா 2,000 குறைச்சா மட்டும், 'முதல்ல சொன்ன 6,000 டூப்பு'ன்னு அவரே முடிவு பண்ணிடுவார்.

"இன்னொருத்தர் 1,500க்கே போட்டுத் தர்றாரே அம்மிணி?" அவரைத் திட்டாதீங்க. "அவரு எப்படிச் செய்யறாருன்னு தெரியலைங்க, என் வேலைக்கு இதாங்க." அதோட நிறுத்திக்கலாம். "பெரிய புராஜெக்ட் பின்னாடி வருது, இதைச் சும்மா போட்டுக் குடு." வரட்டுங்க, பெரிய புராஜெக்ட்டோட பில்லில் கழிச்சுக்கலாம்னு சொல்லுங்க. மாமாவோட ஃபிரெண்ட், பெரியப்பா மகன்னு சொந்தத்தில் யாராச்சும் வந்தா தள்ளுபடி கொடுத்துத்தான் ஆகணும், அதையெல்லாம் தடுக்க முடியாது. ஆனா பில்லில் 6,000ன்னு எழுதி, அதுக்குக் கீழே 'தள்ளுபடி 2,000'ன்னு எழுதுங்க. அவர் நாளைக்கு நாலு பேருக்கு உங்களைச் சொல்லும்போது 6,000ன்னு சொல்லணுமே தவிர, 4,000ன்னு சொல்லக் கூடாது.

ஆடியில் வேலை படுத்துடும், மார்கழியிலும் அப்படித்தான். தை பிறந்ததும் பூமி பூஜை, 'நாளைக்கே வேணும்'னு எல்லாரும் ஒரே நேரத்தில் வருவாங்க. ராத்திரி முழிச்சு வேலை செஞ்சா அவசர ரேட் தனின்னு கொட்டேஷனிலேயே ஒரு வரி போட்டு வைங்க. ஆடியில் பயந்து குறைச்ச ரேட்டைத் தையில் ஏத்தறது லேசுப்பட்ட வேலை இல்லை.

பேசி முடிச்சதும் அன்னிக்கே வாட்ஸ்அப்பில் இப்படி ஒண்ணு தட்டி விடுங்க:

'அண்ணா வணக்கம். பேசினபடி: 3டி மாடல் 4,000, வெளிப்புற வியூ ஒன்று 2,000. திருத்தம் 2 முறை (கலர், மெட்டீரியல், மரம்). பிளான், எலிவேஷன் மாறினால் தனி. முன்பணம் பாதி. மாடல் வெள்ளையாக அனுப்பி, ஆங்கிள் ஓகே ஆன பிறகே கலர். பேலன்ஸ் வந்ததும் பெரிய சைஸ் இமேஜ் தருகிறேன். வீட்டு உபயோகத்துக்கு மட்டும். விளம்பரத்துக்குத் தனி ரேட். மாடல் ஃபைல் இதில் சேராது. சரி என்றால் ஓகே போடுங்கண்ணா.'

ஓகே வராம கம்ப்யூட்டரையே ஆன் பண்ணாதீங்க. வெள்ளை மாடலில் ஆங்கிளை முடிவு பண்ணிக்கிறது பாதித் தலைவலியைக் குறைச்சிடும். பார்க்க அனுப்பறதெல்லாம் சின்ன சைஸில், குறுக்கே உங்க பேரோட போகட்டும்.

இவ்வளவும் செஞ்சும் பேலன்ஸ் வரலைன்னா? "ஓனர்கிட்ட இருந்து எனக்கே வரலைப்பா"ங்கறதுதான் எல்லாரும் சொல்ற காரணம். அந்த ஓனரை நீங்க பார்த்தது கூட இல்லை. உங்களுக்கு ஆர்டர் கொடுத்தவர் இவர்தான். இங்கே ஒரு நல்ல ஆயுதம் இருக்கு, ஸ்டூடண்ட்ஸுக்கு யாரும் சொல்லித் தர்றதில்லை. சின்னதா சேவைத் தொழில் செய்யற தனி ஆள்கூட 'உத்யம்' பதிவு பண்ணலாம். ஆன்லைன், ஆதாரும் பானும் போதும், பைசா கட்டணம் இல்லை. பதிவு இருந்தா 2006ஆம் வருஷ சிறு, குறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல உங்க பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. எதுவுமே எழுதலைன்னா 15 நாள்தான். தாண்டினா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. புகார் பண்ண ஆன்லைன் தளம், விசாரிக்க மாநில அரசு அமைச்ச மன்றம், எல்லாம் உண்டு. அந்த மன்றம் கோவையிலேயும் இருக்கு. வேலையை ஒத்துக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடுங்க, பின்னாடி பண்ணினா வாதத்துக்கு இடம் ஆயிடும்.

பெரும்பாலும் புகார் வரைக்கும் போகத் தேவைப்படாது. 2023ல் கொண்டு வந்த வருமான வரித் திருத்தப்படி, இப்படிப் பதிவு பண்ணின குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டி நிறுத்தி வெச்ச தொகையை, பணம் கொடுக்கிற வரைக்கும் செலவாக் காட்ட முடியாது. உங்க பில்லில் உத்யம் நம்பரைப் பார்த்ததும் அந்த ஆபீஸ் அக்கவுண்டன்ட்டே மார்ச் மாசம் முதலாளிக்கு ஞாபகப்படுத்துவார். பில்லில் டி.டி.எஸ். பிடிச்சாங்கன்னா பதறாதீங்க, உங்க பான் நம்பரில்தான் சேரும், ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கலாம். வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜி.எஸ்.டி. பதிவும் கட்டாயம் இல்லை.

ஒரே ஒரு விஷயம். ஃபைனல் இமேஜை பென் டிரைவில் கொடுத்துட்டு வந்துடாதீங்க. பில்லோட சேர்த்து இமெயிலில் அனுப்புங்க. அந்த 15 நாளும் 45 நாளும் எண்ணறது நீங்க வேலையை ஒப்படைச்ச நாளில் இருந்துதான். பென் டிரைவில் தேதி இருக்காது.